சமர்ப்பணப் பக்கத்தில் ஒரு கடிதம்

அம்பேத்கர் எழுதியவற்றிலேயே கோபம் கொதிக்கிற நூல் எது என்று கேட்டால், 'காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன' என்பதைத்தான் நான் சொல்வேன். 1945இல் வெளிவந்தது. பூனா ஒப்பந்தத்தின் கதை, அரிஜன சேவா சங்கத்தின் யோக்கியதை, தேர்தல் கணக்கு என்று ஒவ்வொன்றாக எடுத்துப்போட்டுத் தோலுரிக்கிற புத்தகம். நம்ம தோழர்கள் மேடைக்குப் போகிற முன்னால் புரட்டிக் குறிப்பெடுக்கிற புத்தகமும் இதுதான். இந்தப் புத்தகத்தின் வாசலில் ஒரு கடிதம் இருக்கிறது. சமர்ப்பணம் என்ற பெயரில் இருக்கிறது. 'எஃப்' என்ற ஒற்றை எழுத்துக்கு எழுதியது. முடிவில் பி.ஆர்.ஏ. என்று கையெழுத்து. நான் எத்தனையோ கருத்தரங்குகளில் உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். இந்தப் புத்தகத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசக் கேட்டிருக்கிறேன். அந்தப் பக்கத்தை ஒருத்தர்கூடத் தொட்டதில்லை. சமர்ப்பணத்தில் என்ன சரக்கு இருக்கப்போகிறது என்று நேரே உள்ளே போய்விடுகிறோம்.

அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் நின்று வாசிக்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

கடிதம் பைபிளில் தொடங்குகிறது. மோவாப் தேசத்துப் பெண் ரூத், புருஷன் செத்த பிறகும் தன் மாமியார் நகோமியைப் பிரிய மறுத்துப் பேசுகிற இடம். அதை எடுத்துப் போட்டுவிட்டு அம்பேத்கர் அந்தப் பெண்மணியிடம் பேச ஆரம்பிக்கிறார். நாம் இரண்டு பேரும் சேர்ந்து பைபிள் வாசிக்கும்போது இந்த இடம் வந்தால் நீ எப்படி உருகிப்போவாய் என்பது எனக்குத் தெரியும் என்கிறார். இதற்கு அடுத்தாற்போல என்ன வரும் என்று நாம் எதிர்பார்ப்போம்? ஒரு பெருமூச்சு, ஒரு நினைவு, ஒரு ஏக்கம். மனுஷன் அங்கே என்ன செய்கிறார் தெரியுமா? விவாதத்துக்குப் போகிறார். ரூத்தின் பேச்சு ஒரு நல்ல மனைவிக்கு இருக்கவேண்டிய உயர்ந்த உணர்ச்சியைக் காட்டுகிறது என்று நீ சொன்னாய், அதன் மதிப்பு சமூகவியல் மதிப்பு என்று நான் சொன்னேன், பேராசிரியர் ஸ்மித் சொல்வதுதான் அதற்குச் சரியான உரை என்று பழைய வாக்குவாதத்தை மறுபடி எடுத்துவைக்கிறார். 1889இல் செமிட்டியர்களின் மதம் பற்றிப் புத்தகம் போட்ட ராபர்ட்சன் ஸ்மித்தைத்தான் சொல்கிறார். பழைய சமூகம் மனிதனும் கடவுளும் சேர்ந்தது, நவீன சமூகம் மனிதர் மட்டுமே ஆனது என்பது அவருடைய வாதம். நடுவில் அடைப்புக்குறி போட்டு, மனிதர் என்று நான் சொல்வதில் பெண்களும் சேர்த்தி என்று ஒரு எச்சரிக்கை வேறு. அந்த அம்மா ஏற்கெனவே இந்த விஷயத்தில் அவரை ஒரு பிடி பிடித்திருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றும். அந்த அடைப்புக்குறியை வாசிக்கும்போதெல்லாம் சிரிப்பு வரும்.

பிறகுதான் விஷயத்துக்கு வருகிறார். அன்றைக்கு என் வாதத்தை நீ ஒத்துக்கொள்ளவில்லை, ஆனாலும் அதைப் புத்தகமாக எழுதச் சொன்னாய், எழுதினால் உனக்கே சமர்ப்பிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன், அரசியல் சுழலில் மாட்டிக்கொண்டேன், எழுத முடியவில்லை, யுத்தம் தொடங்கியதிலிருந்து இந்த வாக்கு என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது என்கிறார். அதோடு இன்னொரு பயத்தையும் சொல்கிறார். குண்டுவீச்சில் நீ செத்துப்போய்விட்டால், நான் எழுதி முடிக்கிறபோது வாங்கிக்கொள்ள நீ இருக்கமாட்டாயே என்ற பயம். நீ சாவிலிருந்து மீண்டு வந்துவிட்டாய், இங்கே ஒரு புத்தகமும் தயாராகிவிட்டது, அன்று சொன்ன பொருள் இல்லைதான், ஆனாலும் மோசமான மாற்று என்று சொல்லமுடியாது என்கிறார். ஏற்றுக்கொள்வாயா என்று கேட்டு முடிக்கிறார்.

இந்த 'எஃப்' லண்டனில் இருந்த பிரான்சிஸ் பிட்ஸ்ஜெரால்ட் என்ற பெண்மணி என்று அம்பேத்கரின் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அது காதலா நட்பா என்று பஞ்சாயத்து வைக்க நான் வரவில்லை. எனக்கு அந்தப் பிரதிதான் முக்கியம். 1942 முதல் வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த ஒருவர், ஆயிரம் வேலைக்கு நடுவில், நீ செத்துவிடுவாயோ என்று பயந்தேன் என்று ஒரு பெண்ணுக்கு எழுதுகிறார். அதைச் சொல்ல அவருக்கு ரூத் வேண்டியிருக்கிறது, ஸ்மித் வேண்டியிருக்கிறது, வாக்குவாதம் வேண்டியிருக்கிறது. நாலு பேராசிரியர்களைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பெண் கேட்கப் போகிறவனைப் போல இருக்கிறது அந்தக் கடிதத்தின் நடை. எனக்கு அந்தக் கூச்சம் ரொம்பப் பிடித்திருக்கிறது. இந்தக் கூச்சத்தை வெறும் சுபாவம் என்று விட்டுவிடக்கூடாது என்பது என் கட்சி.

அவர் ரமாபாய்க்கு எழுதிய சமர்ப்பணத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். 1940இல் வந்த 'பாகிஸ்தான் பற்றிய சிந்தனைகள்' நூலில் இருக்கிறது அது. ரமாபாய் 1935 மே 27இல் இறந்துபோனார். ஐந்து வருஷம் கழித்து எழுதுகிறார். நல்ல இருதயம், உயர்ந்த மனம், தூய ஒழுக்கம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரியே இருக்கிறது. அப்புறம் பஞ்சமும் கவலையுமாகக் கழிந்த காலத்தைச் சொல்லவரும்போது, நாதியற்ற நாட்கள் என்கிற அர்த்தத்தில் ஒரு சொல்லைப் போடுகிறார். சான்றிதழ் அங்கே உடைந்துவிடுகிறது. நாமிருவர் என்று அவர் சொல்வதும் அங்கேதான். பெண்டாட்டியிடம் ஆசையாக ரெண்டு வார்த்தை பேச நேரமில்லாமல் படிப்பு, போராட்டம் என்று ஓடிய ஒருவர், அவள் போன பிறகு சொல் தேடுகிறார். நம்ம அப்பன்மார்கள் எத்தனை பேர் இப்படி! உயிரோடு இருந்தவரை 'ஏய்', 'இந்தா' என்று கூப்பிட்டுவிட்டு, கருமாதி பத்திரிகையில் மட்டும் 'அன்பு மனைவி' என்று அச்சடித்தவர்கள்.

தமிழில் காதலைச் சொல்லக் கூச்சப்படவேண்டியவர் யார் என்பதை இலக்கணமே முடிவுகட்டி வைத்திருக்கிறது. தொல்காப்பியத்து அகத்திணையியலை எடுத்துப் பாருங்கள். அடியவர்க்கும் ஏவல் தொழில் செய்பவர்க்கும் இடம் அன்பின் ஐந்திணைக்குள் இல்லை, அதற்கு வெளியேதான். குறிஞ்சி, முல்லை என்று மலர் சூட்டிய காதலெல்லாம் ஒருபக்கம், வேலைக்காரன் வேலைக்காரி காதல் கைக்கிளை, பெருந்திணைப் பக்கம். கலித்தொகை 94ஆம் பாட்டில் அரண்மனை வேலைக்காரர் இரண்டு பேர் வருகிறார்கள். ஒருத்தி கூனி, ஒருவன் குறளன். ஒருத்தரை ஒருத்தர் வைது, கிண்டலடித்து, கடைசியில் சேர்ந்துகொள்கிறார்கள். உரைகாரர்கள் இதை நகைச்சுவை என்று ரசிப்பார்கள். அதில் ஒரு இடம் இருக்கிறது. அரண்மனைக்குள் இருக்கிறவர்கள் நம்மைப் பார்த்தால் பேயும் பேயும் ஆடுகிறது என்று சிரிப்பார்களே என்று அவர்கள் தயங்குகிற இடம். அந்தத் தயக்கம்தான் எனக்கு அந்தப் பாட்டு. சிரிக்கிறவன் யார், சிரிக்கப்படுகிறவர் யார் என்ற கணக்கு அன்றைக்கே எழுதியாகிவிட்டது. மேட்டுக்குடி ஆண் காதல் முற்றினால் பனைமட்டைக் குதிரையில் ஏறி எருக்கம்பூ சூடித் தெருவில் வரலாம். அதற்கு மடல் என்று பெயர், அதற்கு ஒரு துறை, ஒரு மரபு. நம்மாள் ஒருத்தன் ஊர்த்தெருவில் சைக்கிள் ஏறிப் போனதற்கே மரத்தில் கட்டிவைத்து அடித்த கதை நமக்கு எத்தனை தெரியும்!

கடிதம் என்பதே நமக்குப் புதுசு. எழுத்துப் படித்த முதல் தலைமுறையோடு வந்த சாமான் அது. நான் எட்டாவது படிக்கும்போது எங்க தெருவில் கடுதாசி எழுதித் தருகிற ஆள் நான்தான். ஆம்பளைங்க பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிடுவாங்க. பொம்பளைங்க இன்லேண்ட் லெட்டரை முந்தானையில முடிஞ்சி எடுத்துக்கிட்டு வருவாங்க. "நலம், நலமறிய ஆவல்" என்று நானே போட்டுவிடுவேன். அதுக்கு மேல அவங்க சொல்லணும். ஒரு அக்கா, கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகலை. கூரையையே பார்த்துக்கிட்டு உட்காந்திருக்கும். "என்னாக்கா எழுதட்டும்?" என்று கேட்டால், "ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்குன்னு எழுதுடா தம்பி" என்கும். அப்புறம், "மழ பேயுது, மேற்கால பக்கம் ஒழுவுதுன்னு எழுது." அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, "படுக்க எடமில்ல, ராவெல்லாம் குந்திக்கினே கெடக்கேன்னு எழுது." அவ்வளவுதான். அன்புள்ள, ஆசையுள்ள என்று ஒரு சொல் கிடையாது. பிற்பாடு கல்லூரியில் உள்ளுறை, இறைச்சி என்று வாத்தியார் பாடம் நடத்தும்போதெல்லாம் மேற்கால பக்கம் ஒழுகுன அந்தக் கூரைதான் எனக்கு ஞாபகம் வரும். பஸ் ஸ்டாண்டுக் கடையில் தொங்குகிற 'காதல் கடிதம் எழுதுவது எப்படி' புத்தகத்தில் இந்த மாதிரி ஒரு வரி கிடைக்காது. அதிலெல்லாம் நிலவே, மலரே, கண்ணே, தேனே. அந்தச் சொற்கள் யார் வீட்டுச் சொற்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

சினிமாவும் அந்தச் சொற்களைத்தான் விற்றது. 1991இல் 'இதயம்' வந்தது. கிராமத்திலிருந்து வந்த மருத்துவ மாணவன் ஒருத்தன் காதலைச் சொல்லமுடியாமல் படம் முழுக்கத் தவிக்கிறான். அவனோடு சேர்ந்து நாங்களும் அழுதோம். அவன் ஏன் சொல்லவில்லை? கூச்ச சுபாவமாம். 1996இல் 'காதல் கோட்டை'. முகம் பார்க்காமல் கடிதத்திலேயே காதல். இயக்குநர் அகத்தியனுக்குத் தேசிய விருது கிடைத்தது. நல்ல படம்தான், மறுக்கவில்லை. ஆனால் கடிதம் என்றால் அதில் முகவரி இருக்கும் இல்லையா? முகத்தைப் பார்க்காமல் காதலிக்கலாம், முகவரியைப் பார்க்காமல் இந்த நாட்டில் காதலிக்க முடியுமா? அனுப்புநர் என்ற இடத்தில் 'காலனி' என்று எழுதினால் கவரைப் பிரிக்கவே வேண்டாம், சங்கதி முடிந்தது. அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுத்துவிடப்போவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்ததே 2025 ஏப்ரலில்தான்.

2018இல் வந்த 'பரியேறும் பெருமாள்' இந்தக் கூச்சத்தைச் சரியான இடத்தில் வைத்துப் பேசிய படம். பரியன் அந்தப் பெண்ணிடம் காதல் என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. சொல்லாததற்கே அவனை அடித்து, மூத்திரம் பெய்து அனுப்புகிறார்கள். தனக்கு அவள்மேல் இருப்பது என்ன என்று ஆற அமர யோசித்துப் பார்க்கிற அவகாசத்தைக்கூட அவனுக்கு யாரும் தரவில்லை. 'இதயம்' நாயகனுக்கு அந்த அவகாசம் இரண்டரை மணி நேரம் கிடைத்தது. கூச்சப்படுவதற்கும் ஒரு பாதுகாப்பு வேண்டியிருக்கிறது.

எங்களில் கடிதம் எழுதியவர்களும் உண்டு. ஆனால் பெயர் போடமாட்டார்கள். வாசித்ததும் கிழித்துப்போடு என்று கடைசி வரியில் எழுதுவார்கள். மற்றவர்களுக்குக் காதல் கடிதம் பெட்டிக்கடியில் வைத்துக் காப்பாற்றுகிற பொருள், நமக்கு அது தடயம். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டம் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி என்று மூன்று இடங்களில் வீடுகள் கொளுத்தப்பட்டன. இரண்டு பேர் மனசு ஒத்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டதற்கு ஒரு தெருவே எரிந்தது. 2015 ஜூனில் திருச்செங்கோடு மலைக்கோயிலில் ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த பொறியியல் பட்டதாரி இளைஞனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ரயில் தண்டவாளத்தில் உடல் கிடந்தது, கூடவே தற்கொலைக் கடிதம். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் அதைக் கொலை என்று சொல்லி ஆயுள் தண்டனை விதித்தது. நம்ம பையனிடம் இந்தச் சமூகம் கேட்டு வாங்கிக்கொண்ட கடிதம் அதுதான். இதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டு, தலித் எழுத்தில் காதல் ஏன் இல்லை, எப்பப் பார்த்தாலும் ஒப்பாரியாகவே இருக்கிறதே என்று கேட்கிற விமர்சகர்களை என்னவென்று சொல்வது?

அவர்களை விடுங்கள். நமக்குள்ளேயே கேட்டுக்கொள்ள ஒரு கேள்வி இருக்கிறது. 1948 ஏப்ரல் 15இல் அம்பேத்கர் டாக்டர் சாரதா கபீரைத் திருமணம் செய்துகொண்டார். அதற்கு முன்னால் அவருக்கு எழுதிய கடிதங்களை சவிதா அம்பேத்கராகிவிட்ட அந்த அம்மா 1990இல் மராத்தியில் வெளியிட்ட தன் வரலாற்றில் சேர்த்தார். ஆங்கிலத்தில் 2022இல் வந்திருக்கிறது. ஏன் ஒரு மனைவி தன் புருஷன் எழுதிய அந்தரங்கக் கடிதங்களை ஊரறிய அச்சிடவேண்டும்? 1956 டிசம்பர் 6க்குப் பிறகு அவரைச் சந்தேகித்தவர்கள், பாப்பாத்தி என்று ஒதுக்கியவர்கள், விஷம் வைத்தாள் என்றுகூடப் பேசியவர்கள் நம் இயக்கத்தவர்களே. அந்தக் கடிதங்கள் அங்கே வக்கீல் நோட்டீசுக்குப் பதில் மாதிரி நிற்கின்றன. என்மேல் அவருக்கு அன்பு இருந்தது, பாருங்கள் என்று ஒரு பெண் ரசீது காட்டவேண்டியிருக்கிறது. சாதி ஒழிய அகமணம் ஒழியவேண்டும் என்று 1936இல் எழுதியவரின் கலப்பு மணத்தையே நம்மால் செரிக்க முடியவில்லை. சிலை மாதிரி விரல் நீட்டிக்கொண்டு நிற்கிற அம்பேத்கர் வேண்டும், ஏற்றுக்கொள்வாயா என்று ஒரு பெண்ணிடம் கேட்கிற அம்பேத்கர் வேண்டாம். 'எஃப்' கடிதத்தை நாம் தாண்டிப் போனதற்கும் காரணம் இதுவாகத்தான் இருக்கவேண்டும்.

ரூத்துக்கு வருவோம். அந்த அம்மாவுக்கு ரூத் உத்தம மனைவி. அம்பேத்கருக்கு அவள் சமூகவியல் சான்று. எங்க ஊர் மாதாகோயிலில் ரூத் கதையைக் கேட்ட கிழவிகளுக்கு அவள் கதிர் பொறுக்கினவள். பஞ்சம் பிழைக்க வந்த வேற்றுசனம், மோவாபியர் பத்துத் தலைமுறைக்குச் சபையில் சேரக்கூடாது என்று உபாகமம் விலக்கிவைத்த சனம், போவாசின் கழனியில் அறுத்தவர்கள் பின்னாலேயே போய்ச் சிந்தின கதிரைப் பொறுக்குகிறாள். "அறுப்பு முடிஞ்ச கழனியில ஆண்டை தொரத்தாத அன்னிக்கு அரை மொறம் நெல்லு தேறும்" என்று எங்க ஆயா சொல்லும். அந்தப் பெண் ராத்திரியில் களத்துக்குப் போய்க் கழனிக்காரன் காலடியில் படுக்கிறாள், கதை கல்யாணத்தில் முடிகிறது. நம்மூர்க் களத்தில் அந்தக் கதை எப்படி முடியும் என்பதை பாமா 'சங்கதி'யில் எழுதியிருக்கிறார், 1994இல் வந்த புத்தகம். விறகு பொறுக்கப் போன மாரியம்மாவைப் பம்புசெட்டுக்குள் இழுக்கிறான் முதலாளி. தப்பித்து ஓடிவருகிறாள். அவன் முந்திக்கொண்டு, சொந்தத் தெருப் பையன் மாணிக்கத்தோடு அவளைச் சேர்த்துக் கதை கட்டுகிறான். நம்ம தெருப் பஞ்சாயத்தே கூடி அவளுக்குத் தண்டம் போடுகிறது, அவனுக்குப் போட்டதைவிடக் கூடுதலாக. இல்லாத காதலுக்குத் தண்டம். அவள் வாயால் ஆசை என்று ஒரு சொல் வராததற்கு முன்னாலேயே அதற்குரிய அபராதம் வசூலாகிவிட்டது. இதற்குப் பிறகு அவள் ஒருத்தனிடம் எந்தச் சொல்லை எடுத்துப் பேசுவாள்?

ஆண்களாகிய நாம் எழுதும்போது இந்த வித்தியாசத்தை மறந்துவிடுகிறோம். நமக்குச் சொல்ல பயம். அவர்களுக்குச் சொல்லாமலே தண்டனை. அம்பேத்கர் அடைப்புக்குறிக்குள் பெண்களையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னது சிரிப்புக்கு மட்டும் உரிய இடம் கிடையாது.

இளம் தோழர்கள் சிலர் கவிதை அனுப்புகிறார்கள். எரிமலை, சாட்டை, நெருப்பு என்றே எழுதுகிறார்கள். எழுதட்டும், தேவைதான். அதே பையன்கள் தங்கள் சிநேகிதிக்கு அனுப்புகிற செய்தியில் சினிமாப் பாட்டை வெட்டி ஒட்டுகிறார்கள். கூரை ஒழுகுகிறது என்று எழுதச் சொன்ன அக்காவின் மொழி இரண்டிலும் இல்லை. ஸ்மித்தையும் ரூத்தையும் கூட்டிக்கொண்டு வந்து தடுமாறின அந்தக் கடிதத்தின் மொழியும் இல்லை. வாக்குவாதம் பண்ணின நாளை நினைவுபடுத்துவது, நீ செத்துப்போவாயோ என்று பயந்தேன் என்பது, சொன்னதைச் செய்ய முடியவில்லை, இது ஆகுமா என்பது: இப்படியும் ஒரு பெண்ணிடம் பேசலாம் என்று அந்தப் பக்கத்தில் இருக்கிறது. அவளைக் கண்ணே என்று கூப்பிடவில்லை. அவள் தன்னோடு ஒத்துப்போகவில்லை என்பதை மறைக்காமல் எழுதியிருக்கிறார், அவளோடு வாதாடிய தகுதியை அவளுக்கு அச்சில் கொடுத்திருக்கிறார்.

அவருடைய கேள்வியோடு சமர்ப்பணம் முடிகிறது. முன்னுரையைத் தாண்டினால் முதல் அத்தியாயம். 1917இல் கல்கத்தாவில் கூடிய காங்கிரஸ், தாழ்த்தப்பட்ட வகுப்பார் பற்றித் திடீரென்று ஏன் ஒரு தீர்மானம் போட்டது என்று விசாரணையைத் தொடங்கிவிடுகிறார்.